வெள்ளி இரவு என்றால் வியாழன் இரவு

ராத்தாவிடம் (அக்காவிடம்) கேளுங்கள்
(வாசகர் கேள்விகளுக்குக் கல்முனைக்குடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதில் தருகிறார். இந்த இதழில், இறைநேசர்களின் அடக்கத்தலங்களும் நினைவிடங்களுமான ஸியாரங்களுக்குப் போய்வருவது பற்றி வந்த கடிதங்கள்.)

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய்:

டீச்சர், போன மாரியில் என் மகனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் 5 நாள் கிடந்தான். பக்கத்துக் கட்டிலில் பிள்ளையை வைத்திருந்த சாய்ந்தமருது உம்மா ஒருவர், "கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலுக்கு நேர்ந்து வைங்க, பிள்ளை எழும்பிடுவான்" என்றார். அந்தப் பதற்றத்தில் நானும் நேர்ந்துவிட்டேன். மகன் இப்போது நல்ல சுகம். ஆனால் பள்ளி வாசலை நான் ஒருநாளும் மிதித்ததில்லை. தேங்காயும் கற்பூரமும் கொண்டு போ என்கிறா மாமி. "ஆற்றயோ சமாதிக்குப் பிள்ளையக் கொண்டு போகாத" என்கிறார் இவர். வெள்ளிக்கிழமை இரவு போனால் நல்லது என்றும் சொல்கிறார்கள். எப்படிப் போவது? பிழை விட்டால் ஏசுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

தங்கச்சி, முதலில் நாளைச் சொல்லிவிடுகிறேன். இதில்தான் அநேகம் பேர் ஏமாந்து திரும்புகிறார்கள். எங்கள் கணக்கில் பொழுது பட்டதும் அடுத்த நாள் தொடங்கிவிடும். அதனால் "வெள்ளி இரவு" என்று நாங்கள் சொல்வது உங்கள் வியாழக்கிழமை இரவு. சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் குழந்தைகுட்டிகளோடு வெள்ளிக்கிழமை மாலை வந்து இறங்கியதை நானே கண்டேன். முதல் நாள் இரவே ஓதல் முடிந்துவிட்டது. அந்தத் தாய் சீனிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற நிலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. யாரோ ஒரு வாய் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் போதும்.

ஆனால் நேர்ச்சையை நிறைவேற்ற வெள்ளி இரவுதான் வேண்டும் என்றில்லை. முதன்முதல் வருகிறவருக்குக் கூட்டமில்லாத ஒரு நாளின் காலை 9, 10 மணிதான் நல்லது. வெள்ளிக்கிழமை நடுப்பகலை மட்டும் விட்டுவிடுங்கள். அது ஜும்ஆத் தொழுகை நேரம். மற்ற நாட்களிலும் பாங்கு சொல்வது கேட்டால் தொழுகை முடியும் வரை வெளியே இருங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரரின் பேச்சு. அவரிடம் சொல்லுங்கள், கடற்கரைப் பள்ளியில் யாரும் அடங்கியிருக்கவில்லை. அது நாகூர் ஆண்டகை ஷாஹுல் ஹமீது ஒலியுல்லாஹ்வின் பெயரால் எழுந்த இடம். அவர் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். வட இந்தியாவில் மாணிக்கப்பூரில் பிறந்து, எத்தனையோ நாடு சுற்றி, கடைசியில் தமிழ்நாட்டில் நாகூர்க் கடற்கரையில் தங்கி அங்கேயே அடங்கினார். கபுறு (அடக்கத்தலம்) அங்கே இருக்கிறது. கடலோடிகள் போன இடமெல்லாம் அவர் பெயரைக் கொண்டு போனார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா இருக்கிறது, எங்கள் கல்முனைக்குடியிலும் இருக்கிறது. உள்ளே போர்வை போர்த்தியிருப்பது அவருடைய ஞாபகத்துக்கான இடம்.

கடலுக்கும் அவருக்கும் என்ன உறவு என்று சின்ன வயதில் நான் கேட்டபோது மூத்தம்மா (பாட்டி) ஒரு கதை சொன்னா. ஆண்டகை முகம் வழித்துக்கொண்டிருந்தாராம். அந்த நேரம் நடுக்கடலில் ஒரு கப்பல் ஓட்டை விழுந்து அமிழத் தொடங்கியதாம். கையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் எறிந்தார், அது போய் ஓட்டையை அடைத்துக்கொண்டதாம். மூத்தம்மா இதைச் சொல்லும்போது ஒரு உள்ளங்கையை மற்ற உள்ளங்கையில் பொத்திக் காட்டுவா. தோணியை நம்பிச் சீவித்த குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தக் கதை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

தேங்காயும் கற்பூரமும் வேண்டாம், மகள். மாமி மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள். சாம்பிராணியும் ஊதுபத்தியும் கொண்டு வரலாம். ஒரு கிலோ சீனியோ கற்கண்டோ பேரீச்சம்பழமோ கொண்டு வரலாம். மல்லிகைப் பூ கொண்டு வருபவர்களும் உண்டு. அவ்வளவு போதும். நேர்ந்தபோது இன்னது தருவேன் என்று பொருள் குறித்திருந்தால் அதைக் கொடுங்கள். குறிக்கவில்லை என்றால் வீட்டுச் செலவில் கை வைத்துப் பட்டுப் போர்வை வாங்கத் தேவையே இல்லை.

கற்பூரம் என்றதும் எனக்கு ஒரு பாரம் ஞாபகம் வருகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு அப்போது 11 வயது. பள்ளியில் கொடி ஏற்றும் விழா நாள். பாண்டிருப்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா வாசற்படியில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். நான் ஓடிப்போய், "இஞ்ச இது ஒண்ணா!" என்று கத்தி, காலால் மண்ணைத் தள்ளி அணைத்துவிட்டேன். பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த மார்க்கம் அவ்வளவுதான். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மூத்தம்மா இருந்த இடத்திலிருந்து எழும்பி வந்து, அவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தி, தன்னுடைய சாம்பிராணியில் பாதியைக் கிள்ளி அவர் கையில் வைத்து, "இதப் போடுங்க மகள், இதுவும் அதே புகைதான்" என்றா. என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை. இரவு படுக்கும்போது மட்டும், "நேர்ந்து வந்த மனிசிட நெருப்ப அணைச்சிட்டியே மளே" என்றா. எனக்கு இப்போது 68 வயது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வழியே இல்லை. நீங்கள் "ஏசுவார்களோ" என்று எழுதியதைப் படித்ததும் இந்தக் கடிதத்துக்கு நீளமாகப் பதில் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆகவே பிழை விட்டால் விட்டதுதான். யாராவது சிறுசுகள் கடுமையாகச் சொன்னால், அங்கே இருக்கும் வயதான பெண் ஒருவரைப் பார்த்து, "ராத்தா, எனக்குப் பழக்கமில்லை, காட்டித் தாங்க" என்று கேளுங்கள். எழும்பி வந்து உங்கள் கையைப் பிடிக்காத ஒரு உம்மாவை நான் எங்கள் ஊரில் கண்டதில்லை.

கல்முனை பஸ்ஸில் ஏறினால் உங்களுக்கு அரை மணித்தியாலப் பயணம். இறங்கி ஆட்டோக்காரரிடம் கடற்கரைப் பள்ளி என்றால் போதும். சேலையோ சல்வாரோ எதுவும் உடுத்தலாம், கை மூடியிருக்கட்டும். தலைக்கு ஒரு நீளத் துணி எடுத்து வாருங்கள், சேலைத் தலைப்பால் முக்காடு போட்டாலும் சரிதான். மகனுக்கு நீளக் காற்சட்டை, ஒரு தொப்பி. தொப்பி இல்லையென்றால் சுத்தமான லேஞ்சியை (கைக்குட்டையை) தலையில் கட்டிவிடுங்கள். செருப்பை வெளியே கழற்றி, கால் கழுவி, பெண்கள் பக்கம் எது என்று கேட்டு, வலது காலை வைத்து நுழையுங்கள்.

உள்ளே போனதும் உங்களுக்கு இரண்டு இடத்தில் தடுமாற்றம் வரும். கோயிலில் மூன்று தரம் சுற்றிவருவது போல இங்கே சுற்றுவதில்லை. எங்களுக்குச் சுற்றுகிற இடம் மக்காவில் கஃபா ஒன்றுதான். அதேபோல நெற்றி நிலத்தில் படும்படி விழுந்து கும்பிடுவதும் இல்லை. சுஜூது அல்லாஹ் ஒருவனுக்கு மட்டும் உரியது. எத்தனை பெரிய அவுலியாவுக்கும், அதாவது இறைநேசருக்கும், அது இல்லை. வாசலில் நின்று உங்களை அறியாமல் கை குவிந்தால் அதற்காகப் பதற வேண்டாம். பிறகு ஒரு ஓரமாக உட்கார்ந்து, இரண்டு கையையும் ஏந்தி, உங்கள் தமிழில் இறைவனிடம் பேசுங்கள். பிள்ளையைத் தந்ததும் காத்ததும் அவன். அவுலியா அவனுக்கு நெருங்கியவர் என்பதால் அவர் வாசலில் வந்து அவனுக்கு நன்றி சொல்கிறோம். நான் விளங்கிய நேர்ச்சை இதுதான்.

பாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) ஓத வேண்டும் என்று அங்கே ஓதிக் கொடுக்கும் லெப்பையிடம் சொன்னால் பிள்ளையின் பெயரைக் கேட்பார். சீனிப் பொட்டலத்தின் வாயை நீங்களே திறந்து அவர் முன்னால் வையுங்கள். மூத்தம்மா பொட்டலத்தின் நூலை அவிழ்த்து, கடுதாசியின் நாலு மூலையையும் பூ விரிவது போல விரித்து வைப்பா. ஓதும்போது சாம்பிராணிப் புகை அந்தச் சீனிக்கு மேலாகப் போகும். முடிவில் எல்லாரும் "ஆமீன்" என்று கையை முகத்தில் தடவுவார்கள், நீங்களும் தடவிக்கொள்ளலாம். பிறகு அந்தச் சீனியை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போய்விடாதீர்கள். ஒரு பிடி மகன் வாயில் போட்டு, ஒரு பிடி வீட்டுக்கு எடுத்து, மிச்சத்தை அங்கே இருக்கிற பிள்ளைகளின் கையில் பகிருங்கள். அந்தச் சின்னக் கைகள் நீளும்போது உங்கள் பயம் எங்கே போனது என்று தெரியாது.

காணிக்கை போட விரும்பினால் உண்டியலில் போடுங்கள். லெப்பைக்கு இயன்றதைக் கையில் கொடுக்கலாம். இவ்வளவு தா என்று யாராவது நெருக்கினால் கொடுக்க வேண்டாம். அப்படிக் கேட்பது பள்ளி வழக்கம் இல்லை.

கொடியேற்றத்துக்கு வர ஆசையிருந்தால் அதற்கும் வாருங்கள். ஜமாதுல் ஆகிர் மாதப் பிறையோடு கொடி ஏறும், 12 நாள் மௌலூது என்னும் புகழ்ப்பாடல் ஓதி, கந்தூரி விருந்தோடு இறங்கும். ஏறத்தாழ 200 ஆண்டுகளாக நடந்து வருகிறது. பிறைக் கணக்கு ஆண்டு 354 நாள் என்பதால் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முந்தி வரும். 2023இல் டிசம்பர் நடுப்பகுதியில் வந்தது, 2025இல் நவம்பர் கடைசிக்கு வந்துவிட்டது. இப்போதைக்கு மாரிகாலம்தான், குடை எடுத்து வாருங்கள்.

மினாராவில் கொடி ஏறும் நேரம் கடற்காற்றில் அது படபடவென்று அடிக்கும் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே ஒருமுறை வர வேண்டும். என் சின்ன வயதில் அந்தக் கூட்டத்தில் பாதிப் பெண்கள் பொட்டு வைத்தவர்கள். உங்கள் கோயிலில் குடிக்கு ஒரு வண்ணக்கர் பொறுப்பாக இருப்பது போல எங்கள் பள்ளியில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருந்தார். தாய்வழிக் குடி எண்ணுவதில் நாம் இரண்டு சாராரும் ஒன்றுதானே. 1990இல் போருக்குள் தமிழர், முஸ்லிம் இரண்டு பக்கமும் நடக்கக் கூடாதவை நடந்தன. அதன் பிறகு பல வருடம் அந்த முகங்களைக் காணவில்லை. 2004 டிசம்பர் 26 கடல் வந்து, எங்கள் இரண்டு ஊர்க் கரையிலும் இருந்த வீடுகளைக் கொண்டு போனது. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். நீங்கள் வருவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

காத்தான்குடியிலிருந்து ஒரு மகன்:

ராத்தா, என் உம்மாவுக்கு 72 வயது. சாகுமுன் ஒருமுறை நாகூர் ஆண்டகையின் கொடிக்குப் போக வேண்டும் என்கிறா. நான் படித்த மார்க்கப்படி கபுறிடத்தில் போய்க் கேட்பது கூடாது. கூட்டிப் போனால் நானும் பாவத்தில் பங்காளி ஆகிவிடுவேனோ? மறுத்தால் உம்மா மனம் உடைந்துவிடும்.

பதில்:

தம்பி, உங்கள் பயம் அல்லாஹ்வுக்குப் பயந்த பயம். அதை நான் சின்னதாக எண்ண மாட்டேன். மரணித்தவரிடமே கையேந்தி "நீங்கள் தாருங்கள்" என்று கேட்பதைப் பற்றி மார்க்க அறிஞர்களான ஆலிம்களுக்குள் பெரிய வாதம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் அதைத் தீர்க்க முடியாது. எல்லாரும் ஒப்புக்கொள்கிற ஒன்றைச் சொல்கிறேன். "கபுறுகளைத் தரிசிப்பதை முன்பு தடுத்திருந்தேன், இனித் தரிசியுங்கள்" என்று ரசூலுல்லாஹ் சொன்னது முஸ்லிம் ஹதீஸ் கிரந்தத்தில் இருக்கிறது. அடங்கியிருப்பவர்களுக்குச் சலாம் சொல்வதும், அவர்களுக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்பதும் உங்களுக்கும் எனக்கும் பொதுவானவை. நீங்கள் அதை மட்டும் செய்யுங்கள்.

உம்மாவிடம் வாதாட வேண்டாம். 72 வருடம் அல்லாஹ்வை நம்பித் தொழுத மனிசி, யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலா கேட்பா? வழியில் வானில் போகும்போது, "உம்மா, என்ன துஆக் கேட்கப் போறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அநேகமாக உங்கள் பெயர்தான் முதலில் வரும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உம்மாவை வாசலில் இறக்கிவிட்டு, நான் வர மாட்டேன் என்று றோட்டில் நிற்காதீர்கள். கூட்டத்தில் அவவின் காலடி தடுமாறும். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், இருத்தி, தண்ணீர் கொடுத்து, பிறகு நீங்கள் ஒதுங்கி நின்று உங்கள் வழியில் ஓதுங்கள். மற்றவர்கள் செய்வது பிழை என்று தோன்றினாலும் அங்கே நின்று யாரையும் திருத்த வேண்டாம். நான் 11 வயதில் செய்ததை மேலே எழுதியிருக்கிறேன்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு மாணவி:

கொடி நாட்களில் பக்கீர் பாவாமார் றாத்திபு செய்வதைப் போனில் வீடியோ எடுக்கலாமா, டீச்சர்?

பதில்:

கொடி ஏறுவதை எடுங்கள், கடைகளை எடுங்கள், அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. றாத்திபை எடுக்க வேண்டாம். அது றிபாய் வழியினரின் வணக்கம். 12ஆம் நூற்றாண்டில் ஈராக்கில் வாழ்ந்த அஹ்மத் கபீர் றிபாய் அவர்களைத் தலைவராகக் கொண்ட தரீக்கா, அதாவது ஆன்மீக வழி, அது. தப் மேளம் அடித்து, ஓதல் ஏற ஏற, அவர்களில் சிலர் ஊசியையும் கத்தியையும் உடம்பில் ஏற்றுவார்கள். பார்க்கிறவருக்கு அது வேடிக்கையாகத் தெரியலாம். செய்கிறவர் அதற்கு முன் தன் குருவின் கையைத் தொட்டு அனுமதி வாங்குகிறார். மண்டூர் முருகன் கோயிலில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிப் பூசை செய்யும்போது போனை நீட்டுவீர்களா? அந்த மரியாதைதான் இதுவும். பார்க்க மனம் திடமில்லையென்றால் சத்தமில்லாமல் எழும்பிப் போய்விடலாம். கண்ணைப் பொத்திக்கொண்டு வீறிடுவதுதான் அவர்களைக் குழப்பும்.

அழும் பெண்களின் முகத்தையும் எடுக்காதீர்கள். ஒரு தாய் யாருக்கும் சொல்லாத கவலையை அங்கே கொண்டு வந்து இறக்கியிருப்பா. அடுத்த நாள் அது ஊர் முழுக்கப் போனில் ஓடினால் அவ மறுகா எங்கே போய் அழுவா?

திருக்கோவிலிலிருந்து ஒரு வாசகர்:

கந்தூரியில் நார்சா (ஓதிப் பகிரும் உணவு) தந்தால் மறுப்பது அவமரியாதை என்கிறார்கள். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. என்ன செய்வது?

பதில்:

வாங்குமுன் கேளுங்கள், "என்ன கறி?" என்று. எங்கள் கந்தூரிச் சோற்றில் அநேகமாக மாட்டிறைச்சி இருக்கும். "நாங்கள் சாப்பிடுவதில்லை, வெறுஞ்சோறு ஒரு பிடி தாங்க" என்று சொன்னால் பகிர்கிறவர் மனம் கோணமாட்டார். சட்டியில் சேர்த்துக் கிளறிய சோறாக இருந்தால் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓதிய சீனியோ பேரீச்சம்பழமோ கேட்டு வாங்குங்கள். வாங்கிவிட்டு வெளியே வந்து வேலியோரம் கொட்டிவிட்டுப் போவதுதான் மனதை நோகடிக்கும். அந்தச் சோற்றுக்கு அரிசி தந்தவர்களில் கூலிக்கு வலை இழுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பெயர் ஊர் வேண்டாம் என்று எழுதிய ஒரு பெண்:

குறித்த நாளில் மாதவிலக்கு வந்துவிட்டால்?

பதில்:

அந்த நாட்களில் நாங்களும் தொழுவதில்லை, பள்ளிக்குள் போவதில்லை. நீங்களும் வெளியே இருங்கள், சீனியைக் கூட வந்தவர் கையில் கொடுத்து ஓதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த கிழமை வாருங்கள். நேர்ச்சை தள்ளிப் போனால் தண்டனை வரும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். கை ஏந்தித் துஆக் கேட்க எந்த நாளும் தடையில்லை.

மட்டக்களப்பு நகரிலிருந்து ஒரு வாசகர்:

உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போய்வருகிறவன் நான். அங்கே கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள பள்ளியிலும் ஸியாரத்திலும் வழிபட்டிருக்கிறேன். இந்த முறை பலாங்கொடைப் பக்கம் ஜெய்லானிக்கும் போக எண்ணம். அங்கும் இதே முறைதானா?

பதில்:

உடுப்பும் அடக்கமும் இதே முறைதான். தப்தர் ஜெய்லானி இருப்பது கூரகல மலையில், கல்தொட்ட வெளியைப் பார்த்த குன்றில். முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி ஆண்டகை 1166இல் பக்தாதில் அடங்கினார். அவர் இந்தக் குகையில் தவமிருந்தார் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் எங்கள் பக்கத்தில் பெரிய கட்டடமும் அலங்காரமும் தேடிப் போகாதீர்கள், பாறையும் காற்றும்தான். அதே மலையைப் பௌத்தர்களும் தங்கள் புனித இடமாக வணங்குகிறார்கள். அவர்கள் பக்கத்தில் நடக்கும்போதும் குரலைத் தாழ்த்தி, தொப்பியும் செருப்பும் பற்றி அங்கே இருப்பவர் சொல்வதைக் கேட்டு நடவுங்கள். பாறை விளிம்பில் நின்று படம் எடுக்க வேண்டாம், காற்று சட்டென்று தள்ளும். நடைக்குப் பழகிய கால் உங்களுடையது. ஆனாலும் வெயில் ஏறுமுன் மேலே போய்விடுங்கள், தண்ணீர்ப் போத்தல் இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்று உங்களுக்கு, மற்றது வழியில் களைத்து இருக்கும் யாருக்காவது.